அண்ணன் கழுவிய விமானம்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே நான் விமானம் செய்யத் தொடங்கினேன். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற மாதிரி விமானம்தான். முதுகில் திமில் வைத்ததுபோல மாடி எழும்பியிருக்குமே, அந்தப் பழைய ஜம்போ ஜெட். நிஜத்தில் நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு. பாபநாசத்தில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன், அதைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. “ஊரே சம்பா நடவுக்கு ஆள் கிடைக்காம அலையுது, இவரு பிளேனை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு” என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அண்ணன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு வளைகுடாவுக்குப் போனார். அவர் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அங்கே ஒரு விமான நிலையத்தில் இருபத்தெட்டு வருட வேலை. என்ன வேலை என்று எனக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். வந்து நிற்கிற விமானத்துக்குள் ஏறிச் சுத்தம் செய்வது. இருக்கை துடைப்பது, கம்பளம் கூட்டுவது, கக்கூஸ் கழுவுவது.

அதை யாரிடமும் மறைக்கும்படி அவர் எழுதவில்லை. எனக்குப் பெண் பேசியபோது, “அண்ணன் என்ன பண்றாரு?” என்று கேட்டார்கள். “ஏர்போர்ட்ல சூப்பர்வைசர்” என்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் ஒன்றுதானே சொன்னேன், அதுவும் சின்னதுதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த லீவில் அண்ணன் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் எல்லாரும் “வாங்க சூப்பர்வைசர்” என்றார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி. என் பொய்யை அவர் அத்தனை வருடமும் சட்டையைப் போலப் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அண்ணி இல்லை. அண்ணன் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறார். விமானப் பெட்டியைப் பிரித்த அன்று சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், அப்புறம் தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

விமான உடம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டப் போனேன். “நிறுத்துடா. மூக்குல கனம் வச்சியா?” என்றார். வைக்கவில்லை. “வைக்கலன்னா வால்ல குந்திக்கும். நிஜ பிளேனுமே அப்படித்தான். முன்னாடி காலியா விட்டுட்டுப் பின்னாடி மட்டும் சரக்கு ஏத்துனா மூக்கைத் தூக்கிடும்.” பெட்டியோடு வந்த தாளைப் பார்த்தால் அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நான்தான் படிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். வாத்தியாருக்குத் தாளைப் படிக்கச் சொல்லித் தர ஆள் வேண்டியிருந்தது. தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டுகளை வாங்கி வந்து மூக்குக்குள் ஒட்டினேன்.

ஐப்பசி மழையில் வண்ணம் காயாமல் வெளுத்துப் பூத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அண்ணனோ மழை நிற்கும் வரை கதை சொன்னார். முதல் வகுப்பிலிருந்து மாடிக்குப் போகிற சுழல் படி. அதன் ஒவ்வொரு படியிலும் கம்பளம். குனிந்த முதுகு நிமிராமல் மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஒருமுறை இருக்கை இடுக்கில் ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு கிடைத்ததாம். அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, பெட்டிக்குக் காத்து நின்ற தாயிடம் கொடுத்தாராம். “அந்தப் பொண்ணு அழுதுருச்சுடா” என்றார். அறுபத்தேழு வயதில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வேலையைப் பற்றிப் பேச அவருக்கு ஆள் கிடைத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

தை பிறந்ததும் என் மகளைப் பெண் பார்க்கத் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்தார்கள். விமானத்தைக் கூடத்து நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி நான்தான் வைத்தேன். கதவும் கோடுகளும் ஒட்டுகிற வேலை மட்டும் பாக்கி. கேசரியும் பஜ்ஜியும் வந்தன. மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். “இந்த மாடிக்கு எப்படிங்க ஏறுவாங்க?” என்று பொதுவாகக் கேட்டார்.

அண்ணன் எழுந்து வந்து அந்தத் திமிலின் மேல் விரலை வைத்தார். “உள்ள சுழல் படி இருக்குங்க. பிளேன் வந்து நின்னா எங்களுக்கு நாப்பது நிமிஷந்தான் டயம். இருபது பேரு உள்ள பூந்துருவோம். நான் எப்பவும் மாடிக்குத்தான். அந்தப் படியைக் கூட்டுறதுல ஒரு வித்தை...”

“அண்ணன் அங்க சூப்பர்வைசருங்க” என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். “அந்த இருபது பேரும் இவருக்குக் கீழதான்.”

அண்ணன் விரலை எடுத்துக்கொண்டார். “ஆமாங்க” என்றார். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சம்பந்தம் முடிவாகிவிட்டது, கல்யாண வேலை என்று நானும் போகவில்லை. அது சாக்கு. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் வாழ்க்கையைப் பொய்யாக்கிய முதல் தடவை எனக்கு வயதில்லை, புத்தியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை எனக்கு அறுபது வயது.

நிச்சயதார்த்தத்துக்கு வந்த அண்ணன் தட்டு மாற்றியதும் கிளம்பிவிட்டார். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் சம்பந்தி என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்க அண்ணன் அன்னைக்கு அந்தப் படியைக் கூட்டுறதைப் பத்திச் சொல்ல வந்தாருங்க. நல்லா இருந்துச்சு. நீங்க நடுவுல பூந்துட்டீங்க. என்னங்க அந்த வித்தை?”

மனிதர் கதை கேட்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறார். எனக்கு அந்த வித்தை தெரியாது. “அவரையே கேட்டுச் சொல்றேங்க” என்றேன்.

மறுநாள் காலை விமானத்தை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

“கதவு ஒட்டணும்ண்ணே. எது எங்க வரும்னு நீங்க வந்து சொன்னாத்தான் ஆகும். அப்புறம் அந்தச் சுழல் படி, அதைக் கூட்டுறதுல ஏதோ வித்தைன்னீங்களே...”

விமானத்தை எட்டிப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை.

“எனக்கு என்னடா தெரியும்? நான் சூப்பர்வைசர். சூப்பர்வைசருக்குப் பிளேன் உள்ள என்ன வேலை?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குத்தலாகக்கூட இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “உக்காரு, காபி போடுறேன்” என்று உள்ளே போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.