கூரைத் துணியில் எண்ணெய்க் கறை

என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் கார் வாங்கப் போகிறார். "உங்க வண்டில சன்ரூஃப் இருக்குதே டீச்சர், அது வெச்சதே எடுக்கலாமா, இல்ல வேஸ்டா?" என்று போன வாரம் கேட்டார். கார் வாங்கிய புதிதில் கேட்டிருந்தால் மதிய இடைவேளை முடியும்வரை பேசியிருப்பேன். இப்போது "அப்புறம் சொல்றேன்" என்று டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் அது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். "விழுப்புரம் வெயிலுக்கு வண்டி மேல ஓட்டை எதுக்கு?" என்றார் கணவர். அவர் சொன்னது நியாயம்தான். சித்திரையில் உள்திரையை இழுத்து மூடினாலும் உச்சந்தலை காய்கிறது. நெடுஞ்சாலையில் திறந்தால் லாரிப் புழுதி. பிள்ளைகள் எழுந்து நின்று தலையை வெளியே நீட்டியதற்குப் போலீஸ்காரரிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டோம். மிஞ்சுவது மார்கழியில் சில காலைகள். ஆனால் நான் ஆசைப்பட்டது வானத்துக்காக இல்லை. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை, அதற்காகத்தான்.

என் அப்பா வளவனூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். கரும்பும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். நல்ல உயரம். ஊரில் இன்றைக்கும் நான் 'நெட்டையர் பொண்ணு'தான். அந்த உயரத்தில் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது. தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்க்காமல் அவர் வெளியே கிளம்ப மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் அந்தக் கறையைப் பார்த்தேன். பின்சீட்டுக்கு மேலே, இடது பக்கம், வெளிர் நிறக் கூரைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். பிள்ளைகள்தான் சீட்டில் ஏறி நின்று தேய்த்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். "எண்ணெத் தலைய மேல தேச்சது யாரு? இந்தத் துணிய எப்டிக் கழட்டித் தொவைக்கறது?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பிள்ளைகள் முழித்தார்கள். அப்பா கையில் மல்லாட்டைப் பையோடு கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எங்கள் காரில் ஏறும்போதெல்லாம் துண்டைத் தலையில் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். "ஏசி கார்ல எதுக்குப்பா தலப்பா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவரும் சிரிப்பார்.

போன ஆவணியில் அக்கா மகளுக்குத் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். அப்பா வழக்கம்போலத் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது. "அத அவுத்து மடியில வெச்சுக்கோப்பா. கழனியிலேர்ந்து நேரா வந்த மாதிரி இருக்குது." அப்பா அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து திண்டிவனம் வரை கண்ணாடிக் கூரை வழியாக மேகம் பார்த்துக்கொண்டு போனேன்.

மண்டபத்து வாசலில் இறங்கியவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "பெரியவருக்குக் கழுத்துல என்னாங்க?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா விசாரித்தார். "தலவாணி சரியில்லீங்க" என்றார் அப்பா. தட்டு மாற்றும்போது அவர் தலை சாய்ந்தே இருந்தது எனக்கு மானக்கேடாக இருந்தது. தனியாக இழுத்துப்போய், "நேரா நின்னு பேசக்கூடாதாப்பா?" என்று அதற்கும் ஒரு அதட்டல்.

விருந்து முடிந்ததும், "நீங்க கார்ல வாங்க, நான் பஸ் புடிச்சிக்கினு போறேன்" என்றார். கார் நிற்கும்போது பஸ் எதற்கு, என்ன பிடிவாதம் என்று பொரிந்தேன். அவர் கேட்கவில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

அக்காவின் மாமியாரும் விழுப்புரம் வரை எங்களோடு வந்தார். அவருக்கு முட்டி வலி, அதனால் முன்சீட்டைக் கொடுத்துவிட்டு நான் பின்னால், அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன். இந்தக் காரில் நான் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. முதல் வேகத்தடையிலேயே என் தலை மேலே இடித்தது. அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கறை.

மேலே இருக்கும் கண்ணாடி பின்னால் நகர்ந்து ஒளிவதற்கு இடம் வேண்டுமே! அதற்காகப் பின்சீட்டுக்கு மேலே கூரையை இறக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கே இடிக்கிறது என்றால் என்னைவிட ஒரு தலை உயரமான அப்பா எப்படி உட்கார்ந்திருப்பார்? என் கூரைத் துணியில் எண்ணெய் படக்கூடாது என்று துண்டு கட்டியவர், அதையும் நான் அவிழ்க்கச் சொன்னதும், படாமல் இருக்கத் திண்டிவனம் வரை கழுத்தை மடக்கியே வந்திருக்கிறார்.

"அப்பாவுக்கு இங்க தல இடிக்குதுங்க" என்றேன். கணவர் ரியர்வியூ கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மாமா எப்பவும் குனிஞ்சிக்கினுதான வருவாரு. முன்னாடி வாங்கன்னாலும் வர மாட்டேங்கறாரு. ஒனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்." அக்காவின் மாமியார் முன்னால் இருந்ததால் நான் அழவில்லை. ஆனால் அவமானத்தில் காது மடலெல்லாம் சுட்டது. மருமகன் வாங்கிய வண்டியில் குறை சொல்லக்கூடாது என்று அப்பா வாயைத் திறக்கவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். கறைக்கே தெருவைக் கூட்டியவளிடம் எப்படிச் சொல்வார்?

அடுத்த ஞாயிறு நாங்களே கிராமத்துக்குப் போய் அவரை முன்சீட்டில் உட்கார வைத்தோம். உள்திரையையும் முழுக்கத் திறந்துவிட்டேன். அங்கே கண்ணாடிக்குக் கீழே நல்ல இடம் உண்டு. "நிமிந்து ஒக்காருப்பா. இங்க இடிக்காது." "சரி பாப்பா" என்று நிமிர்ந்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் தாண்டியதும் பார்த்தால் அவர் தலை மறுபடி குனிந்திருந்தது. எட்டி அவர் தோளைத் தொட்டேன். "எடம் இருக்குதுப்பா, மேல தொட்டுப் பாரு."

கையைத் தூக்கிக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். விரல் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்தார்.

"இருக்குது பாப்பா. இந்த வண்டில ஏறனாலே தல தானா குனிஞ்சிக்குது."