முத்துமீனா உட்கார்ந்திருக்கும் கமிட்டி

நேர்காணல் அறைக்குள் நுழைந்ததும் மாணவருக்கென்று போட்டிருக்கும் நாற்காலியைத்தான் முத்துமீனா முதலில் பார்க்கிறார். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கும் நிபுணர்களின் மேசைக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகலாம். அந்த நாற்காலியைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, மேசையைச் சுற்றியிருக்கும் மெத்தை நாற்காலிகளில் ஒன்றை உருட்டிக்கொண்டுபோய் எதிரே வைக்கிறார். "கோர்ட்டுல சாட்சி சொல்லவா வந்துருக்குக புள்ளைக? பக்கத்துல உக்காந்து பேசட்டும்" என்கிறார், யாரும் கேட்காமலே.

மதுரைக்கு மேற்கே, வயல்கள் பிளாட்டுகளாகிக்கொண்டிருக்கும் வெளியில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். அங்கே அவர் தாவரவியல் பேராசிரியர். கூடவே, ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளைக் கவனிக்கும் சம வாய்ப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர். மையம் என்றதும் கண்ணாடிக் கதவும் சோபாவுமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெனரேட்டர் ரூமை ஒட்டி, ஒரு மேசை, ஒரு பீரோ, மின்சாரம் போனால் காது கிழியும் சத்தம். பொறுப்புக்கு வந்த வாரமே, கதவுக்கு மேலே பயந்தாற்போல் தொங்கிக்கொண்டிருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டு, சுவர் அகலத்துக்கு ஒரு போர்டு எழுதி மாட்டினார். நிர்வாகத்தில் கூப்பிட்டு, "இம்புட்டுப் பெருசா எதுக்கு மேடம்?" என்றார்கள். "பஸ்ஸை விட்டு எறங்குற புள்ளைக்கே தெரியணும்ல சார். ஒளிஞ்சு கெடந்தது போதும்" என்று சொல்லிவிட்டு, பெயிண்ட் செலவுக்கான பில்லையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார்.

நாற்பத்தெட்டு வயது. கஞ்சி போட்ட காட்டன் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே கூட்டங்களுக்குள் நுழைந்து மேசை நடுவில் வைப்பார். குரலைத் தாழ்த்தத் தெரியாது. கணவர் சிவபாண்டியிடம் போனில் கத்தரிக்காய் வாங்கச் சொன்னால் அந்த பிளாக் முழுவதுக்கும் அன்றைய குழம்பு என்னவென்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தையும் வாடிப்பட்டி உச்சரிப்பிலேயே, அதே சத்தத்தில் பேசுவார். ஆய்வரங்கில் யாராவது உதட்டுக்குள் சிரித்தால், பேச்சை நிறுத்திவிட்டு, "புரிஞ்சுச்சா சார், திரும்பச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடர்வார்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா வீரணனும் அம்மா ராமக்காளும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்துத்தான் படிக்கவைத்தார்கள். வேலை கிடைத்த புதிதில் செல்லூரில் வாடகை வீடு தேடினார். வீட்டுக்காரம்மா மோர் கொடுத்து உபசரித்து, ஊர்ப் பெயரைக் கேட்டு, பிறகு தேனொழுக, "ஊர்ல எந்தப் பக்கம்மா?" என்றார். இந்தச் சீமையில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். ஊருக்குள்ளா, காலனியா? முத்துமீனா மோரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "காலனிதான்க்கா. அட்வான்ஸ் எம்புட்டு?" என்றார். அந்த வீடு கிடைக்கவில்லை. அதற்கடுத்ததும் கிடைக்கவில்லை. இன்றைக்குத் திருப்பரங்குன்றத்தில் லோன் போட்டுக் கட்டிய சொந்த வீட்டில் இருக்கிறார்.

அதே கேள்வி கோட்டு போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள்ளும் உலாவியது. முனைவர் பட்டத்துக்கு ஆள் எடுக்கும் நேர்காணலில், ஆய்வைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "எந்த ஊரு தம்பி? ஓ, அங்கயா, எந்தப் பக்கம்?" என்பார்கள். ஒதுக்கீட்டுப் பட்டியலில் வராத பிள்ளைகளிடம்கூட ஒரு தெளிவுக்காகக் கேட்டு வைத்துக்கொள்வார்கள். முத்துமீனா உட்கார்ந்த முதல் கமிட்டியிலேயே இது வந்தது. "எல்லாருமே சொல்லிருவோமே சார். நான் காலனி. நீங்க எந்தப் பக்கம்?" என்று தலைவரைக் கேட்டார். அவர் தண்ணீர் குடித்தார். "நீங்க சார்?" என்று அடுத்தவரிடம் போனார். மேசையை ஒரு சுற்று வந்து முடித்துவிட்டு, "இப்பத் தம்பி சொல்லட்டும், இஷ்டம்னா" என்றார். அதற்குப் பிறகு அவர் இருக்கும் அறையில் அந்தக் கேள்வி வாயைத் திறக்கவில்லை.

கமிட்டிகளில் அவரை ஆசைப்பட்டு உட்கார வைக்கவில்லை. பட்டியல் இனத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. வந்து, டீ குடித்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்ப்பு. பாவம், ஆள் மாறிப் போய்விட்டது.

விலங்கியல் துறையில் பட்டியல் இன ஆய்வு மாணவருக்கென்று ஒதுக்கிய ஒற்றை இடம் இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. விண்ணப்பிக்க ஆள் இல்லாமல் இல்லை. வருவார்கள், பேசுவார்கள், வெளியே பெஞ்சில் போய் உட்காருவார்கள். கதவு சாத்தப்படும். 'தகுதியானவர் இல்லை' என்று எழுதிவிட்டு நிபுணர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒரு பிள்ளையின் தலையில் மண்ணை அள்ளிப் போட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. காரணம் சொல்ல வேண்டாம், முகத்தைப் பார்க்கவும் வேண்டாம்.

போன வாரம் மூன்றாவது முறையாக அந்த இடத்துக்கு நேர்காணல் நடந்தது. இந்த முறை கமிட்டியில் முத்துமீனாவும் இருந்தார். வந்தவர்களில் செல்லத்தாய் என்றொரு பெண். தேசிய அளவிலான தேர்வு எழுதி ஆய்வு உதவித்தொகை வாங்கியிருந்தாள். இந்த வருஷத்துக்குள் எங்காவது சேர்ந்தால்தான் அந்தத் தொகை, இல்லையென்றால் காலாவதி. கண்மாய் மீன்களின் செவுளில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்றாள். கேட்டதற்கெல்லாம் தமிழும் ஆங்கிலமும் கலந்து, பயம் தெளியத் தெளியப் பதில் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவள் எழுந்து போனதும் வழக்கம்போலக் கதவு சாத்தப்பட்டது.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். சப்ஜெக்ட்டும் தெரியுது" என்றார் துறைத் தலைவர். "ஆனா கம்யூனிகேஷன் போதாது. இந்த வருஷம் விட்டுருவோம், அடுத்த வருஷம் தயார் பண்ணிட்டு வரட்டும்."

"அடுத்த வருஷம் அவளுக்கு அந்த உதவித்தொகை இருக்காது சார்" என்றார் முத்துமீனா.

"ரூல்ஸ் நம்ம கையிலயா இருக்கு?"

"இந்த ரூம்ல நடக்குறது நம்ம கையிலதான இருக்கு."

துறைத் தலைவர் பேனாவை மூடினார். "எல்லாத்தையும் அந்தக் கண்ணாலயே பாக்காதீங்க மேடம். இது தகுதி சம்பந்தப்பட்ட விஷயம். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு ஒண்ணும் ஆயுசுக்கும் இல்ல, பாத்துக்கங்க. வாங்க, சாப்பாடு ஆறுது."

கோபம் வந்தால் முத்துமீனா கடிகாரப் பட்டையைத் திருகுவார். அன்றைக்கு அது கழன்றுவிடும்போல் இருந்தது. பொறுப்பு போனால் போகிறது, அது ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்து மேசைதானே. ஆனால் வெளியே பெஞ்சில், உள்ளே சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தப் பெஞ்சில் அவரும் உட்கார்ந்தவர். அவருக்கும் கம்யூனிகேஷன் போதாது என்றுதான் ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். எந்த வார்த்தையில் தவறினோம் என்று மாதக்கணக்கில் யோசித்திருக்கிறார். தவறு அவர் வார்த்தையில் இருக்கவே இல்லை.

அவர் எழுந்ததும், சாப்பிடத்தான் வருகிறார் என்று மற்றவர்களும் எழுந்தார்கள். முத்துமீனா நேராகப் போய்க் கதவின் ஒரு பக்கத்தைத் திறந்து, சுவரோடு ஒட்டி நிறுத்தினார். வெளியே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெயில் வராந்தாவைத் தாண்டி உள்ளே வந்தது. அலுவலக உதவியாளர் மலையாண்டி பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏசி பூராம் வெளிய போகுதும்மா."

"போகட்டும்ணே."

அங்கே நின்றபடியே அவர் அறையைப் பார்த்துத் திரும்பினார். "செல்லத்தாய் இங்கனதான் உக்காந்துருக்கு சார். எந்தக் கேள்விக்கு அது சொன்னது உங்களுக்குப் புரியலைன்னு சொல்லுங்க. புள்ளைக்கும் தெரியட்டும், எனக்கும் தெரியட்டும். சொல்லிட்டா நானே முதல் ஆளாக் கையெழுத்துப் போடுறேன்."

துறைத் தலைவர் வெளியூர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "எனக்கு எல்லாமே புரிஞ்சது. நான் போட்ட மார்க்கை மாத்தறதா இல்ல" என்றார். அவர் முணுமுணுத்தாலும் பெஞ்சுவரை கேட்டது. செல்லத்தாய் எழுந்து நின்றுவிட்டாள். துப்பட்டாவின் முனையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் பார்வைக்கு எதிரே பார்க்க முத்துமீனாவைத் தவிர ஆள் இல்லை.

துறைத் தலைவர் கதவுப் பக்கம் வந்தார். தன் குரல் வாசலைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டு சொன்னார். "சரி மேடம். அந்தப் பொண்ணுக்கே குடுத்துருவோம். மொதல்ல கதவைச் சாத்துங்க."

"அதையும் அது காதுல விழுற மாதிரிச் சொல்லுங்க சார்" என்றார் முத்துமீனா. சொல்லிக்கொண்டே குனிந்து, மறுபக்கக் கதவைத் தரையோடு பிடித்திருந்த தாழ்ப்பாளைத் தூக்கி, அதையும் முழுசாகத் திறந்து வைத்தார்.