சூளையைத் திறக்கச் சொன்னது யார்?

இன்று திட்டக்குடி பஸ்ஸில் காளியனைப் பார்த்தேன். எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் நாங்கள்.

பேச்சு நேராக எங்கள் சூப்பர்வைசர் ஜமால் பாயிடம் போய் நின்றது.

ஒரு நாள் சரக்கு ஏற்ற லாரி வந்துவிட்டது. சூளை இன்னும் ஆறவில்லை. "பரவால்ல காளியா, தொறந்துடு" என்றார் பாய். திறந்ததும் அனல் அடித்து, காளியனின் கை வெந்துபோனது.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த பாயை முதலாளி ஓரமாக அழைத்தார். பக்கத்தில் நான் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவனே அவசரப்பட்டுத் தொறந்தான்னு சொல்லிடுங்க பாய். நம்ம மேல எதுவும் வராது."

"தொறக்கச் சொன்னது நான்தாங்க. யாரு வந்து கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

"உங்க வேலை போயிடும்."

"போவட்டுங்க."

வேலை போகவில்லை, பதவிதான் போனது. மறுநாள் எங்களோடு மண் பிசைய உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அவரு மாத்திச் சொல்லியிருந்தா, என்னை அப்பவே வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார் காளியன், இன்று பஸ்ஸில்.

புதிதாக வந்த சூப்பர்வைசரும் ஒருமுறை அவசரப்பட்டார். பாய் மண் கையோடு எழுந்துபோய்ச் சூளைக்கு முன்னால் நின்றார்.

"ஆறட்டுங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

யாரும் வைக்கவில்லை.

அதன் பிறகு நான் எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். அங்கெல்லாம் தப்பு செய்தவர்கள் எப்போதும் கீழே இருப்பவர்கள்தான். மேலே இருப்பவர்களுக்குத் தப்பு செய்யவே தெரியவில்லை.

உங்கள் ஆபீஸில் எப்படி?