கிருபை என்று ஒரு பெண் இல்லை

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன். பேனாவை எடுப்பேன், அக்காவின் முகம் வரும், வைத்துவிடுவேன். அவள் இருக்கும்வரை எழுதக் கூடாது என்றே இருந்தேன். போன வருடம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் அவளை அடக்கம் செய்தோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத ஆண்டவர் துணை செய்வாராக.

கண்ணை மூடினால் முதலில் தெரிவது ஒரு தலையணை. 1930களில், போத்தனூரில், ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுப் பின்புறம். அக்கா குளிர்காய்ச்சலில் கிடந்தாள். வியர்வையில் நனைந்த அவளுடைய தலையணையை அம்மா வெயிலில் போட்டுத் தட்டினாள். உறையின் பிரிந்த தையலிலிருந்து வெள்ளை மாத்திரைகள் மண்ணில் உதிர்ந்தன. கோழி ஒன்று ஓடிவந்து கொத்திப் பார்த்து, தலையை உதறிக்கொண்டு ஓடியது. அம்மா ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா. "இந்தக் கசப்புக்கு எமனே வாயக் கோணிட்டுப் போயிருவான்" என்று அப்பா வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்துக் கொடுத்த மாத்திரைகள். எங்கள் கண் முன்னால் வாயில் போட்டு, தண்ணீர் குடித்தும், ஒன்றைக்கூட அவள் விழுங்கியிருக்கவில்லை.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ணுனே?" என்று அம்மா கேட்டாள்.

"கிருபை குடிக்கலீங்களே அம்மா" என்றாள் அக்கா.

கிருபை யார் என்று சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, இளவயதிலேயே விதவையானவள். குழந்தை இல்லை. மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. வாலிபப் பிள்ளைகளுக்கென்று எங்கள் சபை மாதம் ஒரு சிறு பத்திரிகை போட்டது. அதில் சின்னம்மா ஒரு தொடர் எழுதினாள். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில் மாமன் வீட்டில் வளரும் தாயில்லாப் பெண் கிருபை, பதின்மூன்று வயது. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக் குப்பியை ஜன்னல் வழியே கவிழ்த்துவிட்டு முழங்காலில் நின்றாள், விடியும்போது காய்ச்சல் விட்டது. அந்த மாதம் ஞாயிறு பள்ளியில் அழாத பெண் இல்லை. அக்காவுக்கும் பதின்மூன்று வயது. கிருபை பாயில் படுத்தாள் என்று இவளும் கட்டிலை விட்டுப் பாய்க்கு வந்தாள். கிருபை பலகாரத்தில் பாதியைக் கொடுத்தாள் என்று தன் பங்கில் பாதியை எனக்குக் கொடுத்தாள். எனக்கு அதனாலேயே கிருபையைப் பிடிக்கும்.

அந்தத் தொடரின் தலையில் மாதாமாதம் 'உண்மைச் சம்பவம்' என்று அச்சாகும். கற்பனைக் கதை பொய்க்குச் சமம் என்பது அந்தக் காலத்து எங்கள் சபையின் எண்ணம். பத்திரிகையை நடத்திய போதகர் முதல் அத்தியாயத்தை வாங்கியபோது, "இது நடந்ததுங்களா டீச்சரம்மா?" என்று கேட்டாராம். சின்னம்மா பதில் சொல்லாமல் நின்றாளாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் கிருபை வெளியே வந்திருக்க மாட்டாள்.

தலையணைச் செய்தி குடியிருப்பு முழுக்கப் பரவியது. சபை மூப்பர் வந்து, "புள்ளையோட விசுவாசத்தக் கலைச்சுப்போடாதீங்க" என்றார். பெண்கள் வந்து பாட்டுப் பாடினார்கள். பால் ஊற்ற வந்த கவுண்டரம்மா மட்டும் வாசலில் நின்று, "ஏனுங்க அம்மணி, உங்க சாமி மருந்து ஆகாதுன்னு சொல்லுச்சுங்களா? எங்க மாரியாத்தாளே வேப்பிலையாவது கேப்பாளுங்க" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அப்பா அக்காவின் வாயைப் பிளந்து மாத்திரையைத் திணித்தார், அவள் வாந்தியாக எடுத்துவிட்டாள். ரயில்வே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நாடியைப் பார்த்து, "இன்னொரு குளிர் வந்தா ஒடம்பு தாங்காதுங்க" என்று சொல்லிப் போனார்.

சின்னம்மா பள்ளியிலிருந்து அப்படியே ஓடிவந்தாள், விரலெல்லாம் சாக்கட்டித் தூள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, கிருபை நெசமில்ல. நானாக் கட்டினது" என்றாள்.

அக்கா சிரித்தாள். காய்ச்சலில் காய்ந்த உதட்டோடு அவள் சிரித்தது இன்றும் எனக்குத் தெரிகிறது. "பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்க சின்னம்மா சொல்லிக்குடுத்தீங்க. எனக்கு மருந்து குடுக்கோணும்னு நீங்களே பொய் சொல்றீங்களே. புஸ்தகத்துல உண்மைன்னு போட்டிருக்குதே."

சின்னம்மா எழுந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை அப்பா பிற்பாடு சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு போதகர், "இது வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல உங்கள வெச்சுக்க மாட்டாங்க. யோசிச்சீங்களா?" என்றாராம்.

"யோசிச்சுட்டேனுங்க ஐயா. அடுத்த குளிர் வர்றதுக்குள்ள வந்து நீங்களும் புள்ளகிட்டச் சொல்லுங்க."

மத்தியானம் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். மூப்பரும், பாட வந்த பெண்களும் அறையை நிறைத்து நின்றார்கள். சின்னம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "கிருபைன்னு ஒரு புள்ள இல்லீங்க. ஆனமலையில நான் கால் வெச்சதே இல்லீங்க. எனக்கு ஒரு மக இருந்தா எப்படி இருப்பாள்னு நெனச்சு நெனச்சு எழுதுனனுங்க."

"இத்தன நாளும் பொய்யவா எங்க புள்ளைங்களுக்கு ஊட்டுனீங்க?" என்றாள் மூப்பரின் மனைவி. சின்னம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. போதகர் குனிந்து அக்காவிடம், "அவங்க சொல்றது நெசம் கண்ணு. நான் விசாரிக்காமப் போட்டுட்டேன்" என்றார்.

அக்கா சின்னம்மாவையே பார்த்தாள். "அப்ப அவளுக்குக் காய்ச்சல் உட்டது?"

"காய்ச்சலே வரல கண்ணு. அவ பொறக்கவே இல்ல."

செத்த வீட்டில் அழுவதுபோல அக்கா அழுதாள். பிறகு தானாக வாயைத் திறந்தாள். அம்மா வைத்த மாத்திரையை, சின்னம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் விழுங்கினாள். அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. நாங்கள் மாத்திரை கொடுத்தோம், ஜெபமும் பண்ணினோம். காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆண்டவர்தான் அவளைப் பிழைக்க வைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சின்னம்மாவின் வாயையும் அந்த மாத்திரையையும் கொண்டு பிழைக்க வைத்தார்.

சின்னம்மாவுக்கு வேலை போனது, அறையும் போனது. தொடர் பாதியில் நின்றது. உடுமலைப்பேட்டையில் ஒரு உறவினர் வீட்டில் இருந்துகொண்டு ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அக்கா "வாங்க" என்றாள். அவ்வளவுதான். சின்னம்மா இறந்த செய்தி வந்தபோதும் அக்கா போகவில்லை.

எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகு ஒரு நாள் கோயம்புத்தூர் ஜெபக் கூட்டமொன்றில், ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல அக்கா எழுந்தாள். சிறு பிராயத்தில் சாகக் கிடந்ததாகவும், மருந்துக் குப்பியை ஜன்னல் வழியே கவிழ்த்துவிட்டு ஜெபித்ததாகவும், விடியும்போது எழுந்து உட்கார்ந்ததாகவும் சொன்னாள். கூட்டமே கண்ணீர் விட்டது. நாங்கள் இருந்த ரயில்வே வீட்டின் அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. வெளியே வந்ததும், "ஏக்கா, நீ கொயினா குடிச்சியே?" என்றேன். "போடி. உனக்கு அப்ப என்ன வயசு?" என்றாள். வேண்டுமென்று பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. கிருபை இல்லாமல் போனதை அவளால் தாங்க முடியவில்லை. மெல்ல மெல்ல அவளே கிருபையாகிவிட்டாள் என்று தோன்றுகிறது. அதன் பிறகு எத்தனையோ கூட்டங்களில் அதைச் சொன்னாள். அவளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்ன ஒவ்வொரு தடவையும் சின்னம்மா அதில் இல்லை.

அக்காவின் நினைவு ஆராதனையில் அவளுடைய பேத்தி பேசினாள். இவளுக்குப் பதின்மூன்று முடிந்து பதினான்கு நடக்கிறது. "எங்க பாட்டி மருந்தே தொடாம பொழச்சாங்க. அந்த விசுவாசம் எனக்கும் வேணும்" என்றாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி, வேளாவேளைக்கு ஊசி போட வேண்டும். ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், "இன்னிக்கு ஊசி போட்டியா சாமி?" என்றேன்.

"காலைலிருந்து போடலீங்க பாட்டி."

அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு அங்கேயே போட வைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு, காலி பெஞ்சில் உட்கார்ந்து, மேலே எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அன்று இரவே எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சபைகளில் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கேட்க இன்னும் நன்றாக இருக்கும் என்று எதையும் சேர்க்க வேண்டாம். சாட்சிக்கு இடைஞ்சல் என்று கொயினாவை எடுத்துவிட வேண்டாம். போத்தனூரில் ஒரு பெண் மருந்து குடித்துப் பிழைத்தாள். அவள் குடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு டீச்சர், தான் பெறாத மகளை எல்லோர் முன்னாலும் இல்லை என்று சொன்னாள்.