மாட்டுப்பட்டியிலிருந்து அடுப்புக்கு

சாணியைக் கரைத்துத் தொட்டிக்குள் விட்டால், அதிலிருந்து வரும் வாயுவில் சோறாக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதும், சம்மதித்தவர்களுக்குத் தொட்டி கட்டிக் கொடுப்பதும்தான் என் தொழில். நல்ல பொருளைக் கொண்டுபோய்க் கேட்பவரின் முகச்சுளிப்பைப் பார்த்து நிற்கிற எந்தத் தொழிலில் நீங்கள் இருந்தாலும் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

விறகுக்குப் போன கணவன்

கிரான் என்ற ஊரில் தங்கராசா என்றொரு விவசாயி. பட்டி நிறைய மாடு. மனைவி யோகம்மாவுக்குத் தொட்டி கட்ட ஆசை. கணவரோ, அந்த இடத்தில் உழவு மெசினுக்குக் கொட்டில் போடப்போவதாகச் சொல்லி, நான் போனபோதெல்லாம் திருப்பி அனுப்பினார்.

விறகு எடுப்பது யானை நடமாடும் காட்டில். ஒருநாள் காலை யோகம்மா யானையை நேருக்கு நேர் கண்டு, கட்டிய விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். ஒரு செருப்பும் காட்டோடு போயிற்று. மறுநாள் கத்தியைக் கணவரின் கையில் கொடுத்து, "இனி நீங்க போங்க" என்றாராம். தங்கராசா போனார். காட்டு விளிம்பில் புதிய யானை லத்தியைக் கண்டதும் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். அன்று மத்தியானமே எனக்குப் போன் வந்தது.

"தம்பி, மெசின் மழையில நனைஞ்சாலும் பரவாயில்ல. குழி எங்க வெட்டுறதெண்டு வந்து காட்டுங்க."

பொங்கலுக்கு ஆகுமா?

அடுத்த ஊரில் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் ஒருவர். அன்றாடச் சமையலுக்குச் சரி, தைப்பொங்கலுக்கு மட்டும் இந்த வாயு ஆகாது, அது துடக்கு என்று நின்றார். உள்ளே அரிசி கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"சாணி மெழுகின முற்றத்தில பொங்கினாச் சுத்தம், அதே சாணியால பொங்கினாத் துடக்கா?"

கண்ணுக்குத் தெரியாத நெருப்பு

பனிச்சங்கேணியில் ராணி என்பவரின் வீட்டில் முதன்முதல் அடுப்பு மூட்டிய நாள், அயலெல்லாம் கூடிவிட்டது. எல்லாரும் பார்க்கட்டும் என்று அடுப்பை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டேன். பகல் வெளிச்சத்தில் இந்த நீலச்சுவாலை கண்ணுக்குத் தெரியாது. எரிகிறது என்று நான் சொல்ல, சனம் சிரித்தது. ராணியின் அண்ணன், "பொய் சொல்றாங்கள்" என்றபடி அடுப்புக்கு மேலே கையை நீட்டினார். நீட்டிய வேகத்திலேயே இழுத்து உதறினார். நான் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்து ஓடினேன். ராணி அசையவில்லை.

"அவர் அப்பிடித்தான். நண்டுக்கு உசிர் இருக்கா எண்டும் கையை விட்டுத்தான் பார்ப்பார்."

சிவந்த கண்

ஓட்டமாவடி றிஸ்வானாவின் கணவருக்குக் கத்தாரில் வேலை. அவர் வேலை முடிந்து வீடியோவில் பேசுகிற நேரம்தான் இவர் இராச்சாப்பாடு சமைக்கிற நேரம். போனைச் சுவரில் சாய்த்துவைத்து, விறகை ஊதிக்கொண்டே பேசுவார். பின்னால் சின்ன மகள் இழுப்போடு இருமிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நாளும் மனைவியின் சிவந்த கண்ணைப் பார்த்த அந்த மனிதர், தன்னை நினைத்துத்தான் அழுகிறாள் என்று உருகிப்போய், "விசாவை முடிச்சிட்டு வந்திரவா?" என்று கேட்பாராம்.

றிஸ்வானாவைப் பெற்ற வாப்பாவிடம் மாடுகள் இருந்தன. தொட்டி கட்டினோம். புகை நின்றது. மகள் இருமாமல் தூங்கத் தொடங்கினாள். நான் குழாயைச் சரிபார்க்கப் போன அன்று, வாப்பாவையும் வைத்துக்கொண்டு றிஸ்வானா சிரிப்பை அடக்கியபடி சொன்னார்: "இப்பெல்லாம் நீ அழுறல்ல, என்னை மறந்திட்டியா எண்டு கேக்கிறார்." என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்புக் குறைந்தது.

"இவ்வளவு நாளும் அழுதது விறகுக்கெண்டு எப்பிடிச் சொல்றது அண்ணன்? அவர் ஊருக்கு வந்த பிறகு, பக்கத்தில இருந்து ஆறுதலாச் சொல்லுவன்."

சாணியிலிருந்து வாயு எப்படியும் வந்துவிடும். வீட்டுக்காரரின் வாயிலிருந்து சம்மதமாக ஒரு 'ஓம்' வருவதற்குத்தான் கொஞ்சம் நாள் எடுக்கும்.