தலைகீழாகப் படித்த ஒன்றாம் வகுப்பு

எண்பதுகளின் நடுவில், காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் எனக்கு ஒன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் தெலுங்கு, நாலைந்து பேர் கன்னடம். எனக்குத் தமிழை விட்டால் வேறு தெரியாது. ஆனாலும் என் வகுப்பு வாசிப்பில் கெட்டி என்று பெயர் வாங்கியிருந்தேன். கடகடவென்று ஒப்பிப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் நாகம்மா எழுந்து வாசித்தாள். எட்டு வயது, எழுதத் தெரியாமல் இரண்டு முறை பெயிலாகி, ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது வருடம் உட்கார்ந்திருந்தாள். வாசிப்பில் ஒரு சொல் பிசகவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள்!

அடுத்தவனுக்கு வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவனும் பழைய பாடத்தையே வாசித்தான். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். எழுத்தும் தெரியாது, அர்த்தமும் தெரியாது. அடிப்பாவி, இத்தனை மாதம் யாருக்கு நடத்தினாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே நாகம்மாவின் அப்பா வந்தார். "இந்த வருசமும் பெயிலாச்சுன்னா செங்கச் சூளைக்குக் கூட்டிட்டுப் போயிருவனுங்க டீச்சர். கல்லாவது தூக்கும்."

"பாஸாகும். நீங்க போய் வேலையப் பாருங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ!

மறுபடியும் முதலிலிருந்து

சத்துணவு சமைக்கும் முனியம்மாவுக்குத் தெலுங்கும் கன்னடமும் தெரியும். சமையல் முடிந்ததும் என் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னேன். பிள்ளைகள் காலையில் பார்த்ததை முதலில் அவரவர் பேச்சில் சொல்ல வேண்டும். முனியம்மா எனக்குச் சொல்வார். அதையே நான் தமிழில் சொல்லித் தருவேன். பிறகுதான் போர்டில் எழுத்து. ஊமையாக இருந்த பிள்ளைகள் என்ன பேச்சுப் பேசின! அவை சொன்னதை நான் திருப்பிச் சொல்லிப் பார்த்த தெலுங்கைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தன. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹெச்.எம்.முக்குத்தான் பொறுக்கவில்லை. "நல்லா ஓடுன வண்டிய ஏம்மா பிரிச்சுப் போட்டீங்க? ஆண்டாய்வுக்கு ஏ.இ.ஓ. வர்றாரு. தெலுங்குல பாடம்னா மெமோதான்."

"மெமோ எனக்குத்தானுங்களே சார், வாங்கிக்கறேன்" என்றேன்.

ஆண்டாய்வு

உதவிக் கல்வி அலுவலரான ஏ.இ.ஓ. நேராக நாகம்மாவைத்தான் எழுப்பினார். அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துத் திக்கித் திக்கி வாசித்தாள்.

"வருச ஆரம்பத்துல வந்தப்ப எல்லாம் கடகடன்னு படிச்சுதுங்களே. என்னம்மா ஆச்சு?"

"அது மனப்பாடம் சார். இப்பத்தான் படிக்குதுங்க. புத்தகத்துல இல்லாதது எதையாவது நீங்களே எழுதிப் பாருங்க."

அவர் முகம் சுருங்கியது. போர்டில் எழுதினார்: 'எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் இல்லை.'

நாகம்மா எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். உட்காரவில்லை. போர்டையே முறைத்தாள். பிறகு தெலுங்கில் படபடவென்று ஏதோ சொன்னாள். எனக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. முனியம்மா அடுப்படியில் இருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"என்ன சொல்லுது?" என்றார் ஏ.இ.ஓ.

பின்னாலிருந்து ஹெச்.எம். குரல் வந்தது. "நீங்க எழுதுனது தப்புங்குதுங்க சார். ஏரியில முழங்கால் மட்டும் தண்ணி இருக்குதாம். நேத்து அவங்கப்பா மீன் புடிச்சாராம்."

ஏ.இ.ஓ. சிரித்துவிட்டார். "என்னையே திருத்துதே! இத ரெண்டாவதுக்கு ஏத்திருங்க" என்று கையெழுத்துப் போட்டார். ஆய்வுக் குறிப்பில் 'வாசிப்பில் வேகம் போதாது' என்றும் எழுதிவைத்தார். எழுதிக்கொள்ளட்டும்!

நான் ஹெச்.எம்.மைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா சார்?"

"எங்க வூட்ல அதுதாம்மா பேச்சு" என்றார். "நான் ஒண்ணாவது படிக்கிறப்ப தெலுங்குல பேசுனேன்னு வாத்தியார் வெளிய நிறுத்துனாரு. அதுக்கப்புறம் ஸ்கூல்ல எனக்குத் தெலுங்கு தெரியும்னு இன்னிக்குத்தான் காட்டிக்கறேன்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சை வாசலில் பிடுங்கிவைக்காதீர்கள். அதைத் திரும்ப எடுக்க எங்கள் ஹெச்.எம்.முக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.