அவர் பேரில் ஒரு பலி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை நேரத்தில், காஞ்சிபுரம் செவிலிமேட்டில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் தொடங்கியது இந்தக் கூத்து. தறி நெய்யும் என் கணவருக்கு இதயத்தில் அடைப்பு. சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மகன் கூட இருந்தான். மறுநாள் மதியம் ஆபரேஷன். நான் காலையில் பஸ் ஏறுவதாக ஏற்பாடு.

சாயங்காலம் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். கத்தோலிக்கக் குடும்பம். ஆறு வருஷப் பழக்கம், தங்கை மாதிரி.

"கவலப்படாதக்கா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எங்க கோயில்ல மாமா பேர்ல பலி குடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். அடுப்பில் பால் இருக்குது என்று உடனே ஓடியும் விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டோம். உயிருக்குப் போராடுகிற மனுஷன் பேரில் இன்னொரு உயிரைக் கொன்றால், அந்தப் பாவம் அவர் தலையில்தானே விடியும்? இத்தனை நாள் பழகியும் இப்படிச் செய்வாளா என்று வயிறு எரிந்தது. அவளிடம் கேட்டால் சண்டையாகிவிடும். நேராக ஃபாதரிடமே சொல்லி நிறுத்திவிட முடிவு செய்தேன்.

விடிந்ததும் பையும் கையுமாக மாதா கோயிலுக்குப் போனேன். முதலில் பின்பக்கம் போய்த் தேடினேன். ஒரு சைக்கிள்தான் நின்றது. அங்கே ஓர் அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஆட்டை எங்கமா கட்டி வச்சிருக்கீங்க? கோழியா இருந்தாலும் சரி, அவுத்து வுட்டுடுங்க!" என்று கத்தினேன்.

"ஆடா? இன்னாமா சொல்றீங்க?" துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அதற்குள் மைக்கில் என் கணவர் பெயர் கேட்டது. செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன்.

கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று ஃபாதர் சொல்ல, எல்லோரும் ஒரே குரலாக வேண்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியைத் தவிர அவர்களில் ஒருவர்கூட என் கணவரைப் பார்த்ததில்லை. பிறகு ஃபாதர் மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை இரண்டு கையாலும் உயர்த்த, எல்லோரும் முழந்தாளிட்டார்கள். முன்வரிசையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வெளியே வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அக்கா! ஆட்டைத் தேடிக்கினா வந்த? இயேசு நமக்காகத் தன் உயிரையே குடுத்தாரு இல்ல, அந்தப் பலியத்தான் இந்தப் பூசைல ஒப்புக்குடுக்குறோம். அதுக்கப்புறம் வேற எந்த உயிரும் வேணாம்கா."

என் பையைப் பிடுங்கிக்கொண்டு அவளும் சென்னை பஸ்ஸில் ஏறினாள். ஆபரேஷன் முடிகிற வரை என் கையை விடவில்லை.

அவர் இப்போது மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டைக் காப்பாற்றப் போனவள் என்று என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பஸ்ஸில் காதில் விழுந்தால்கூட, வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போது என் சாமியிடம் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. முகம் தெரியாத என் கணவருக்காக அன்று அத்தனை பேர் முழந்தாளிட்டார்களே!